ஆங்கில வகுப்பில் வளரறி மதிப்பீடு: உண்மையிலேயே உதவுகிறதா, இன்டர்னல் மார்க்குக்கு இன்னொரு பெயரா?

வண்ணை எழிலி | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. கல்லூரியும் வட சென்னைதான், பெயர் வேண்டாம்.

போன வாரம் பகுதி 2 ஆங்கில வகுப்பில் 'நான் வசிக்கும் தெரு' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார் மிஸ். எனக்கு எழுதப் பிடிக்கும். தண்ணீர் லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் ஆளுக்கு முன்னால் குடங்கள் வரிசையில் நிற்பது, எதிர்வீட்டுப் பாட்டி தன் குடம் மாறிவிடாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருப்பது, எல்லாம் எழுதினேன். இன்று தாள் திரும்ப வந்தது. பத்துக்கு 6. ஐந்து இடத்தில் சிவப்பு வட்டம். கடைசியில் 'இம்ப்ரூவ்' என்று ஒரே ஒரு சொல், அதன் கீழே கையெழுத்து.

எதை இம்ப்ரூவ் செய்ய? முதல் வட்டம் 'வி ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் ட்வெல்வ் இயர்ஸ்' என்ற வரியில், 'சின்ஸ்' மேலே. ஸ்பெல்லிங் தப்போ என்று மெட்ரோவுக்காகக் காத்திருந்த நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். ஸ்பெல்லிங் சரி. அப்புறம் எதற்கு வட்டம்? கேட்கலாம் என்றால், மிஸ் அடுத்த ஹவருக்கு வேறு வகுப்புக்கு ஓடிவிட்டார்.

இதே மிஸ் செமஸ்டர் தொடக்கத்தில் வளரறி மதிப்பீடு பற்றிச் சொன்னது: "இந்த வருஷம் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட். உங்களை ஃபெயிலாக்க இல்லை, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று பார்க்கத்தான்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. தடுமாறிய இடத்தில் வட்டம் போட்டதோடு சரி. அந்த 6 மட்டும் நேராக இன்டர்னல் நோட்டுக்குப் போய்விட்டது.

உங்கள் கல்லூரியில் எப்படி? மாணவர்கள் சொல்லுங்கள், ஆசிரியர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள், இரவு 9:40

பெயரைப் பார்த்து ஏமாறாதே தங்கச்சி. ஃபார்மேட்டிவ், கன்டினியூவஸ், சி.ஏ., எந்தப் பெயர் வைத்தாலும் கடைசியில் அது 25 மார்க்தான்.

மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் இணைந்த கல்லூரி என்றால் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. செமஸ்டரில் 30 எடுத்தே ஆக வேண்டும், மொத்தம் 40 வர வேண்டும். கணக்கு போட்டுப் பார். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி 30 எடுக்கிற என்னைப் போன்றவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து 10 வந்தால்தான் தப்பிக்க முடியும். அந்த 10 யார் கையில்? சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர் கையில். அந்தப் பேனாவைப் பார்த்து "சார், எனக்கு இது புரியவில்லை" என்று எவன் வாயைத் திறப்பான்?

நான் மூன்றாம் ஆண்டு, இரண்டாவது ஷிஃப்ட். ஆங்கிலத் தாள்களெல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரு அரியர் மட்டும் இன்னும் கூடவே வருகிறது.

---

வியாசை கோல்கீப்பர் | திங்கள், இரவு 9:51

எங்கள் கோச் ஹாஃப் டைமில் என்னைத் திட்டுவார். "வலது பக்கம் எதற்குச் சாய்ந்து நிற்கிறாய்?" என்பார். அடுத்த 45 நிமிடத்தில் அதைத் திருத்திக்கொள்ளலாம். ஆங்கில வகுப்பில் திட்டு விழுகிறபோது மேட்ச் முடிந்துவிடுகிறது.

அவ்வளவுதான் என் கருத்து. தூங்கப் போகிறேன், காலை 5:30க்கு பிராக்டிஸ்.

---

எண்ணூர்க் கழிமுகம் | திங்கள், இரவு 10:20

எழிலி வயதுக்காரர்கள் இந்த வார்த்தையைப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். 2012–13ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீடு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60. வளரறியில் செயல்பாட்டுக்கு எஃப்.ஏ. (ஏ), சிறு தேர்வுக்கு எஃப்.ஏ. (பி) என்று சொன்னால் உடனே நினைவுக்கு வரும்.

நான் அப்போது பள்ளியை முடித்துவிட்டேன், என் தங்கை மாட்டிக்கொண்டாள். எஃப்.ஏ. (ஏ) என்றால் எங்கள் வீட்டில் சார்ட் என்று அர்த்தம். இரவு 9 மணிக்கு "நாளைக்குச் சார்ட் வேண்டும்" என்பாள். கடை அடைப்பதற்குள் ஓடி மஞ்சள் சார்ட் வாங்கி வருவேன். அம்மா பழைய காலண்டரிலிருந்து மயில் படம் வெட்டி ஒட்டுவார். மறுநாள் மயிலுக்கு 10க்கு 9 வரும். அம்மாவுக்குத்தான் அந்த மார்க்.

யோசனை தப்பு என்று சொல்லவில்லை. சி.பி.எஸ்.இ.யிலும் 2009ல் இதைக் கொண்டுவந்து 2017ல் கைவிட்டார்கள். குழந்தை என்ன கற்றுக்கொண்டது என்பதைவிட ரெஜிஸ்டரில் என்ன நிரம்பியது என்பது பெரிதாகிவிட்டால் எந்தத் திட்டமும் மயில் ஒட்டுகிற வேலையாகிவிடும். கல்லூரியில் நீங்கள் பார்ப்பதும் அதே மயில்தான் என்று நினைக்கிறேன்.

---

ராயபுரம் 1856 | செவ்வாய், காலை 7:05

(பெயர் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: எங்கள் ரயில் நிலையம் திறந்த வருஷம். வீட்டு மாடியிலிருந்து தெரியும்.)

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. என் ப்ராஜெக்ட்டே கிட்டத்தட்ட இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஃபார்மேட்டிவ்' என்ற சொல்லை 1967ல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற மதிப்பீட்டு ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தது மாணவர்கள் அல்ல, பாடத்திட்டம். ஒரு பாடத்திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைச் சோதித்துத் திருத்துவது ஒன்று, உருவாகி முடித்த பிறகு தேறுமா என்று தீர்ப்புச் சொல்வது இன்னொன்று. வகுப்பறைக்குள் அதை இழுத்து வந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். ராபர்ட் ஸ்டேக் சொன்ன சூப் உதாரணத்தைப் பி.எட். படித்த எல்லோரும் சொல்வார்கள்: சமைக்கிறவர் ருசி பார்த்தால் வளரறி, விருந்தாளி ருசி பார்த்தால் தொகுத்தறி. கோல்கீப்பர் ஹாஃப் டைம் என்றது அதையேதான்.

1998ல் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் லண்டனில் உட்கார்ந்து சுமார் 250 ஆய்வுகளைப் படித்துத் தொகுத்தார்கள். வகுப்பில் கிடைக்கும் தகவலை வைத்து ஆசிரியரும் மாணவரும் அடுத்து செய்வதை மாற்றிக்கொண்டால் கற்றல் கூடுகிறது என்பது அதன் சாரம். 'மாற்றிக்கொண்டால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் வாரம் மூன்று டெஸ்ட் வைத்தாலும் அது வளரறி இல்லை. வில்லியமே பிற்பாடு 'மதிப்பீடு' என்ற சொல்லை அந்தப் பெயரில் சேர்த்தது தப்பாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். மதிப்பீடு என்றதும் எல்லோருக்கும் மார்க் ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்னொன்று, எழிலிக்காக. 1988ல் ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்தார். சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கிய குழந்தைகள்தான் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் வாங்கியவர்கள் மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே இருந்தார்கள். மார்க்கைப் பார்த்த கண் குறிப்பைப் பார்ப்பதில்லை. உன் தாளில் 6 இல்லாமல் குறிப்பு மட்டும் இருந்திருந்தால் நீ வேறு மாதிரி வாசித்திருப்பாய்.

ஜூனியர்களிடம் பேசியதில் என் காதில் விழுந்தவை: குவிஸ் பிடிக்கிறது, ஏனென்றால் விடை உடனே தெரிகிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் பிடிக்கிறது, பெயர் சொல்லி வகுப்பில் படித்துக் காட்டினால் பிடிக்கவில்லை. தப்பைத் தமிழில் விளக்கினால் பிடிக்கிறது, ஆனால் அதைச் சொல்லும்போது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "எனக்கு டெஸ்ட்டே வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

---

கொருக்குப்பேட்டை கேட் | செவ்வாய், மதியம் 12:30

சூப் எல்லாம் யார் குடிக்கிறார்கள் அக்கா? பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடைக்குப் போங்கள். நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், எல்லாவற்றையும் கையால் பிசைந்து ஒரு வாய் நம்மிடம் நீட்டுவார். "காரம் போதுமா?" போதாது என்றால் இன்னும் கொஞ்சம் போட்டுப் பிசைவார். தான் ருசி பார்ப்பதோடு நிற்காமல் சாப்பிடுகிறவனையே கேட்கிறார் பாருங்கள், அது எந்த வகுப்பில் நடக்கிறது?

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு சண்டைதான். மார்க் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் ஒருவனும் எழுத மாட்டான். இரவு 1 மணி வரை டெலிவரி ஓட்டிவிட்டு வருகிறவனிடம் "இது உன் முன்னேற்றத்துக்கு" என்றால், சரி சார் என்று சொல்லிவிட்டு மேஜையில் தலை வைத்துத் தூங்குவான். மார்க்குக்காகவாவது எழுதுகிறானே. இஸ்ரேல் ஐந்தாம் வகுப்புக் குழந்தை வண்டி ஓட்டவில்லை.

---

மூலக்கொத்தளம் வாத்தி | செவ்வாய், இரவு 11:15

இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். 'இம்ப்ரூவ்' என்ற சொல் விடவில்லை. நானும் அதை எழுதுகிறவன். ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர்.

முதலில் என் பக்கத்துக் கணக்கு. இரண்டு செக்‌ஷன், 64 பேர், 68 பேர். மொத்தம் 132 தாள். ஒரு பத்தியைப் படித்து, தப்பைப் பார்த்து, இரண்டு வரி உருப்படியாக எழுத 5 நிமிடம். 660 நிமிடம், அதாவது 11 மணி நேரம். ஒரே ஒரு பத்திக்கு! நாற்பதாவது தாளுக்கு மேல் கை தானாக 'இம்ப்ரூவ்' எழுதும். எழுதிய பிறகுதான் எழுதியது தெரியும். எழிலியின் மிஸ்ஸைத் திட்டாதீர்கள், அவர் கையும் வலித்திருக்கும்.

நியாயப்படுத்தவில்லை. சில வருஷமாக வேறு மாதிரி முயல்கிறேன், சிலது தேறியது, சிலது சொதப்பியது.

தேறியது: எல்லாத் தாளையும் வாங்கிப் படிப்பேன், பேனா எடுக்க மாட்டேன். படிக்கும்போது எல்லோரும் விழுகிற பள்ளங்கள் இரண்டு மூன்று தெரிந்துவிடும். மறுநாள் அந்த வாக்கியங்களைப் பெயர் இல்லாமல் போர்டில் எழுதி, எல்லோருமாகச் சரி செய்வோம். பிறகு தாளைத் திருப்பிக் கொடுப்பேன், அவரவர் தாளில் அவரவரே தேடித் திருத்த வேண்டும். 11 மணி நேரம் 2 மணி நேரமாகிவிடும். இன்னொன்று, வகுப்பு முடியும்போது அரைத் தாளில் 'இன்று புரியாதது' என்று ஒரு வரி, தமிழிலும் எழுதலாம். முதல் வாரம் எல்லோரும் 'எல்லாம் புரிந்தது சார்' என்று எழுதித் தந்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் உண்மை வந்தது.

சொதப்பியது: ஒரு செமஸ்டர் ராயபுரம் சொல்வது போல மார்க்கே போடாமல் குறிப்பு மட்டும் எழுதினேன். மூன்றாவது வாரத்திலிருந்து பாதிப் பேர் தாளே தரவில்லை. கேட் சொல்வது பொய் இல்லை.

இப்போது செய்வது ஒரு சமரசம். முதல் தாளுக்கு மார்க் கிடையாது. திருத்தி எழுதிய இரண்டாவது தாளைக் கொண்டுவந்தால் அதற்குத்தான் மார்க், அதுவும் இன்னும் எத்தனை தப்பு இருக்கிறது என்று எண்ணி அல்ல. முதல் தாளுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு தூரம் நடந்தார் என்று பார்த்து. இன்டர்னலில் அசைன்மென்ட் என்ற தலைப்பில் அதை ஏற்றிவிடுவேன். விதிக்கு உட்பட்டுத்தான், கவலை வேண்டாம்.

எழிலி, உங்கள் 'சின்ஸ்' வட்டம். இதற்குத் தமிழையே கேளுங்கள். 'பன்னிரண்டு வருஷமாக' என்கிறோம், '2013லிருந்து' என்கிறோம். 'பன்னிரண்டு வருஷத்திலிருந்து' என்று சொல்ல மாட்டோம் இல்லையா? 'ஆக' வருகிற இடத்தில் 'ஃபார்', 'இருந்து' வருகிற இடத்தில் 'சின்ஸ்'. கால அளவுக்கு ஒன்று, தொடங்கிய புள்ளிக்கு இன்னொன்று. மற்றது வினைச்சொல். தமிழில் 'இருக்கிறோம்' என்று நிகழ்காலம் போதும், ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்று வரை வருவதற்கு 'ஹேவ் பீன் லிவிங்' வேண்டும். முதல் வட்டத்துக்குள் இரண்டு விஷயம் இருந்தது.

---

வண்ணை எழிலி | செவ்வாய், இரவு 11:32

சார்!! ஏழாம் வகுப்பிலிருந்து (இருந்து!) இதைத் தப்பாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வட்டம் விழும். நம் மொழியிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

---

வியாசை கோல்கீப்பர் | புதன், காலை 8:02

சார், எழிலிக்கு மார்க் போடவில்லையே?

---

மூலக்கொத்தளம் வாத்தி | புதன், காலை 8:30

இன்னும் நான்கு வட்டம் பாக்கி.

---

காசிமேடு 4 மணி | புதன், மதியம் 2:10

நான் பி.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு, மதிய ஷிஃப்ட். அப்பாவுக்கு ஃபைபர் போட். விடியற்காலையில் துறைமுகத்தில் அவரோடு நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவேன். மாற்றுச் சட்டை பையில் இருக்கும். ஆனாலும் முதல் வாரம் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அது வேறு கதை.

எங்கள் வகுப்பில் பியர் அசெஸ்மென்ட் என்று பக்கத்தில் இருப்பவன் தாளை வாங்கித் திருத்தச் சொன்னார்கள். முதல் தடவை நான் அவனுக்கு 10 போட்டேன், அவன் எனக்கு 10 போட்டான். பின்னால் இருந்த பெண்கள் இருவர் மட்டும் நேர்மையாகப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள்.

அடுத்த தடவை சார் மாற்றினார். மார்க் போடாதே, திருத்தாதே, நண்பன் எழுதியதைப் படித்துவிட்டு உனக்குத் தோன்றுகிற கேள்வி ஒன்று மட்டும் ஓரத்தில் எழுது என்றார். நான் மீன் ஏலம் பற்றி எழுதியிருந்தேன். 'ஷவுட் வெரி லவுட் இன் தி மார்னிங்' என்று ஒரு வரி. பக்கத்தில் இருந்தவன் 'யாரு கத்துறாங்க?' என்று தமிழில் எழுதிவிட்டான். எனக்குச் சிரிப்பு. ஏலம் விடுகிறவர்கள்தான், வேறு யார்? அப்புறம் பார்த்தால் அந்த வரியில் எழுவாயே இல்லை. தமிழில் 'கத்துவார்கள்' என்றாலே யார் என்று அதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஷவுட்' தனியாக நிற்கிறது, ஆள் வேண்டும். தாள் முழுக்கத் தேடினேன், ஏழு இடத்தில் ஆள் இல்லை.

அவன் ஆங்கிலத்தில் என்னைவிட மோசம். ஆனாலும் கேள்வி கேட்க முடிந்தது. கிராமர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, புரியாமல் போனால் போதும்.

---

பெரம்பூர் லோகோ | புதன், மாலை 6:45

எழுதுவதை விடுங்கள், பேசுவதற்கு வருகிறேன். எங்களுக்கு 'ஜாம்' என்று ஒன்று வைப்பார்கள், ஒரு நிமிடம் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் பேச வேண்டும். இதுவும் ஃபார்மேட்டிவ்தானாம். மேடையில் ஏறி 'வென் ஐ வாஸ் இன் இஸ்கூல்' என்று ஆரம்பித்தேன். 'இஸ்கூல்' என்றதும் முன் வரிசை சிரித்தது. மேமும் சிரித்துவிட்டு, "மூன்று தடவை ஸ்கூல் சொல்லு" என்றார். மூன்று தடவையும் 'இஸ்' வந்தது. மீதி ஐம்பது விநாடி நின்றேன். ஃபீட்பேக் தாளில் 'லேக்ஸ் கான்ஃபிடன்ஸ்' என்று இருந்தது. கான்ஃபிடன்ஸ் பத்து விநாடிக்கு முன்னால் வரைக்கும் இருந்ததே மேம்!

இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் கால் சென்டர் இன்டர்வியூ என்றால் 'எஸ்' ஓசையில் தொடங்கும் வார்த்தையைத் தவிர்த்தே பேசுகிறேன். 'மை காலேஜ்' ஓகே. 'மை ஸ்கூல்' வராது.

---

ராயபுரம் 1856 | புதன், இரவு 8:20

லோகோ, படித்ததும் வயிறு எரிந்தது. ஒன்று சொல்கிறேன். 'இஸ்கூல்' என்பது வட சென்னைக் கொச்சை என்று அவர்கள் சிரித்தார்கள் இல்லையா? தமிழில் சொல்லுக்கு முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது. அதனால் நாக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்து வழி செய்துகொள்கிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் இதே கதைதான், 'எஸ்கூல்' என்பார்கள். ராமன் என்ற பெயரைத் தமிழ்ப்படுத்தி 'இராமன்' என்று எழுதுகிறவர்களும் வேறு ஒரு விதிக்காக முன்னால் உயிரெழுத்து வைக்கிறவர்கள்தான், அதைப் பார்த்து முன் வரிசை சிரிப்பதில்லை.

திருத்திக்கொள்ள வேண்டுமானால் வழி இருக்கிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டே போய் 'கூல்' சொல்லிப் பாருங்கள். பிறகு இழுப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தனியாக, பாத்ரூமில், யாரும் கேட்காமல்.

என்னிடம் பேசிய ஜூனியர் பெண் ஒருத்தி, தன் மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதாகச் சொன்னாள். அனுப்புவதற்கு முன் தானே ஏழெட்டு முறை அழித்துவிட்டுப் பேசுவாளாம். மிஸ் ஒரு முறைதான் கேட்கிறார், ஆனால் இவள் தன் பேச்சைத் தானே எட்டு முறை மதிப்பிட்டுவிட்டாள்.

---

கொருக்குப்பேட்டை கேட் | புதன், இரவு 9:05

அந்த முன் வரிசைக்கு ஒரு நாள் எங்கள் ஏரியாவில் கேரம் ஆட வரச் சொல்லுங்கள். யார் சிரிப்பது என்று பார்க்கலாம்.

---

எண்ணூர்க் கழிமுகம் | புதன், இரவு 9:30

ஒரு கேள்வி, யாரும் தொடாதது. இப்போது வீட்டு அசைன்மென்ட் எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதித் தந்துவிடுகிறதே. தப்பே இல்லாத தாளில் வாத்தியார் எதைத் திருத்துவார்?

---

மூலக்கொத்தளம் வாத்தி | புதன், இரவு 10:48

அதனால்தான் முதல் தாளை வகுப்பிலேயே, பேனாவால். தப்பு எனக்கு வேண்டும். தப்பில்லாத தாள் வந்தால் எனக்கு வேலையும் இல்லை, அவருக்குப் பாடமும் இல்லை. இரண்டாவது தாளுக்கு போனில் கேட்டுக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை, ஆனால் ஏன் மாற்றினாய் என்று நான் கேட்டால் தமிழிலாவது சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர்கள் அடுத்த முறை தாங்களே எழுதிவிடுகிறார்கள், பெரும்பாலும்.

லோகோ தம்பி, உங்கள் மேம் சார்பில் நான் மன்னிப்புக் கேட்க முடியாது. ஆனால் நானும் வகுப்பில் சிரித்திருக்கிறேன். எந்தப் பையனைப் பார்த்து என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

நெறியாளர் | வியாழன், காலை 10:00

ஒரு பதிவில் கல்லூரியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இருந்தன, நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

தண்டையார்பேட்டை அம்மா | வியாழன், மாலை 4:15

என் பெண் படிக்கிறாள், நான் எட்டாவதோடு நின்றவள். எங்களுக்கு 6 என்று இருந்தால் 6 தெரியும். வட்டம் போட்டு எழுதியிருந்தால் என்னவென்று கேட்கக்கூடத் தெரியாது. அதனால் மார்க்கையும் போடுங்கள் சார். வீட்டில் எங்களுக்குப் புரிகிற ஒரே விஷயம் அதுதான்.

---

ராயபுரம் 1856 | வியாழன், மாலை 5:40

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ப்ராஜெக்ட்டில் பெற்றோர் என்று ஒரு தலைப்பே நான் வைக்கவில்லை. வைக்கிறேன்.

---

வண்ணை எழிலி | அடுத்த வாரம், வெள்ளி, இரவு 8:50

அப்டேட்.

இரண்டு நாள் தைரியம் சேர்த்து, லைப்ரரி வாசலில் மிஸ்ஸைப் பிடித்தேன். 'ஆக', 'இருந்து' விஷயத்தைச் சொன்னேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். இணையத்தில் ஒரு சார் என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. பயந்துபோனேன். பிறகு தாளை வாங்கி, வாசலில் நின்றபடியே மற்ற நான்கு வட்டத்தையும் சொன்னார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டியின் ரிப்பன் வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் இருந்ததாம், நான் கவனிக்கவே இல்லை. 6ஐப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

திருத்தி எழுதிக் கொண்டுவரலாமா, மார்க் மாறுமா என்று கேட்டேன். மார்க் ஏற்றியாகிவிட்டது, மாறாது, வேண்டுமானால் கொண்டு வா, பார்க்கிறேன் என்றார். வகுப்பிலும் அதையே அறிவித்தார். இன்று ஏழு பேர் கொண்டுபோனோம். மற்றவர்கள் "மார்க் இல்லாததற்கு எதற்கு?" என்றார்கள். கேட் அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான், வராதவர்கள் ஐம்பது பேருக்கு மேல். ஆனால் அந்த ஏழு பேரில் இரண்டு பேர் முதல் தாளில் 3 வாங்கியவர்கள்.

---

கொருக்குப்பேட்டை கேட் | வெள்ளி, இரவு 9:20

3 வாங்கியவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்டாயா?

---

வண்ணை எழிலி | வெள்ளி, இரவு 9:24

கேட்டேன். ஒருத்தி, "மிஸ் உன்னிடம் வாசலில் நின்று பேசினதைப் பார்த்தேன், என்கிட்டயும் பேசுவாங்களா என்று பார்க்க வந்தேன்" என்றாள்.

---

காசிமேடு 4 மணி | வெள்ளி, இரவு 10:02

வாத்தி சார், ஏலப் பத்தியைத் திருப்பி எழுதினேன். ஒரு வரி மட்டும் சந்தேகம்: 'மை ஃபாதர் இஸ் கோயிங் டு சீ ஃபார் தர்ட்டி இயர்ஸ்.' 'முப்பது வருஷமாக', அதனால் 'ஃபார்' போட்டேன். சரியா?

---

மூலக்கொத்தளம் வாத்தி | வெள்ளி, இரவு 10:31

'ஃபார்' சரி. எழிலிக்கு எழுதியதில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியின் கடைசி மூன்று வாக்கியத்தைப் படித்துவிட்டு 'இஸ் கோயிங்'கை நீங்களே பாருங்கள். நாளை ஏலம் முடிந்ததும் எழுதுங்கள்.